உர்துன் பள்ளமும் ஜாபியா மேடும்



ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ சென்று வந்த ஆண்கள் யாவரும் தவாஃபின் முதல் மூன்று சுற்றுகளில் தோள்களை அசைத்து, அடிகளை நெருக்கி வைத்து விரைந்து நடந்திருப்பார்கள். இதற்கு ‘ரமல்’ என்று பெயர். ஸயீ தொடரும் தவாஃபில் இது சுன்னத்து. பயணத்துக்கு முன் நடக்கும் விளக்கக் கூட்டங்களில் இதை எப்படிச் செய்வது என்று நன்றாகவே சொல்லிக் கொடுக்கிறார்கள். இது எப்படி வந்தது என்று கேட்டால் மட்டும் பலர் விழிக்கிறார்கள். ஒரு காய்ச்சலால் வந்தது அது.

ஹிஜ்ரி 7-ஆம் ஆண்டில் (கி.பி. 629) கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களுடன் உம்ராச் செய்ய மக்காவுக்குள் வந்தபோது, குறைஷிகள் குஐகிஆன் மலைப்பக்கம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். யத்ரிபின் காய்ச்சல் இவர்களை உருக்கிவிட்டது, இனி இவர்களிடம் என்ன வலு இருக்கப் போகிறது என்பது அவர்களுடைய பேச்சு. அதைக் கேட்ட நாயகம் (ஸல்) அவர்கள் முதல் மூன்று சுற்றுகளில் விரைந்து நடக்கும்படியும், குறைஷிகளின் கண்ணுக்குத் தெரியாத இரண்டு மூலைகளுக்கிடையே சாதாரணமாக நடக்கும்படியும் தோழர்களை ஏவினார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது.

மதீனாவுக்கு அந்நாளில் இருந்த பெயர் அப்படி. தாங்கள் ஹிஜ்ரத் செய்து வந்தபோது அல்லாஹ்வின் பூமியிலேயே மிகுதியாக நோய் கண்ட ஊராக மதீனா இருந்தது என்றும், புத்ஹான் ஓடையில் கெட்டுப்போன தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது என்றும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நோயைச் சொன்ன அதே மூச்சில் தண்ணீரைச் சொல்கிறார்கள் பாருங்கள்! அன்னையாரைப் போல் மருத்துவம் அறிந்தவரைத் தாம் கண்டதில்லை என்று அவர்களுடைய சகோதரி மகன் உர்வா (ரஹ்) அவர்கள் சொன்னதும் இங்கே நினைவுக்கு வருகிறது.

மக்கா பயிர் விளையாத பள்ளத்தாக்கு. இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் துஆவிலேயே அதை அப்படித்தான் குறிப்பிட்டார்கள். சுற்றிலும் காய்ந்த பாறை, வெயில், எண்ணி எடுக்கத்தக்க கிணறுகள். மதீனாவோ ‘ஹர்ரா’ என்று சொல்லப்படும் கருங்கல் வெளிகளுக்கு நடுவில் அமைந்த பேரீச்சந்தோப்பு. மழை பெய்தால் அகீக், புத்ஹான், கனாத் என்னும் ஓடைகளில் தண்ணீர் இறங்கி வரும். தோப்புகளை ஒட்டியே குடியிருப்புகள். எந்தத் தண்ணீர் பேரீச்சையைக் கொடுத்ததோ அந்தத் தண்ணீர் ஓடாமல் நின்ற இடத்தில் காய்ச்சலும் இருந்தது. அது மலேரியாவாக இருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. சிறுவயது முதல் அங்கேயே வளர்ந்தவர்களின் உடம்பு ஓரளவு பழகியிருக்கும். வறண்ட மக்காவில் வளர்ந்து வந்த முஹாஜிர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. வந்த சிறிது காலத்திலேயே அபூபக்ர் (ரலி), பிலால் (ரலி), ஆமிர் இப்னு ஃபுஹைரா (ரலி) ஆகியோர் படுத்துவிட்டார்கள். காய்ச்சல் தணியும் நேரங்களில் பிலால் (ரலி) அவர்கள் மக்காவின் புல்லையும் ஊற்றையும் மலைகளையும் நினைத்துக் குரலெடுத்துக் கவி பாடுவார்களாம். தம்மைச் சுடுமணலில் கிடத்தி வதைத்த ஊரை நினைத்தே அந்தப் பாட்டு!

நாயகம் (ஸல்) அவர்கள் அப்போது கேட்ட துஆவை நாம் கவனித்துப் பார்க்க வேண்டும். மதீனாவை எங்களுக்குப் பிரியமானதாக்கு, அதன் ஸாவிலும் முத்திலும் பரக்கத் செய், அதை ஆரோக்கியமான பூமியாக்கு, அதன் காய்ச்சலை ஜுஹ்ஃபாவுக்கு மாற்று என்ற கருத்தில் அந்த துஆ அமைந்தது. நோயாளிகளுக்கு ஷிஃபா வேண்டியதோடு நில்லாமல், அவர்கள் வாழும் நிலத்துக்கே சுகம் வேண்டினார்கள். ஜுஹ்ஃபா என்பது ஷாம், மிஸ்ர் நாட்டவர்களின் இஹ்ராம் எல்லை என்பதை ஹஜ்ஜுக் கிதாபு ஓதியவர்கள் அறிவார்கள். வெள்ளம் அரித்துச் சென்றதால் அப்பெயர் பெற்ற ஊர் அது. பிற்காலத்தில் பாழடைந்து, இஹ்ராம் கட்டுவதும் பக்கத்திலுள்ள ராபிஃகுக்கு மாறிற்று.

இவ்வளவும் ஏன் சொல்கிறோமென்றால், நோய் அல்லாஹ்விடமிருந்து வருகிறது, ஆகவே நிலத்தையும் நீரையும் பார்ப்பது மருத்துவர்களின் வேலை, நம் வேலை துஆ மட்டுமே என்று ஒரு பேச்சு நம் மஹல்லாக்களில் இருக்கிறது. தவக்குல் என்ற பெயரிலே சொல்லப்படுகிறது அது. ஸஹாபாப் பெருமக்களிடம் இந்தப் பிரிவினையை நாம் காணவில்லை. அவர்கள் துஆவும் கேட்டார்கள், குடியிருக்கும் மண்ணையும் கண் திறந்து பார்த்தார்கள்.

ஈராக் வெற்றிக்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். பாரசீகர்களின் தலைநகராயிருந்த மதாயினில் முஸ்லிம் படை தங்கியிருந்தது. அங்கிருந்து மதீனாவுக்கு வந்த தூதுக்குழுவினரின் முகம் வெளுத்து, உடல் மெலிந்திருந்ததைக் கண்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள், என்ன காரணம் என்று ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களுக்கு எழுதிக் கேட்டார்கள். இந்த நாட்டின் ஈரக் கனம் இவர்களுடைய நிறத்தை மாற்றிவிட்டது என்று பதில் வந்தது. ஒட்டகத்துக்கு ஒத்துக்கொள்ளும் பூமியே அரபிகளுக்கும் ஒத்துக்கொள்ளும், அப்படிப்பட்ட இடத்தைத் தேடச் சொல்லி ஸல்மான் (ரலி), ஹுதைஃபா (ரலி) இருவரையும் அனுப்புங்கள் என்று உமர் (ரலி) அவர்கள் கட்டளையிட்டார்கள். இடம் பார்க்கப் போனவர்கள் யூஃப்ரடீஸ் நதிக்கு மேற்கே, பாலைவனத்தின் ஓரத்தில், மணலும் சரளையும் கலந்த ஒரு மேட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். ஹிஜ்ரி 17-இல் (கி.பி. 638) எழுந்த கூஃபா நகரம் அதுதான். இதே வரலாற்றைச் சொல்லுமிடத்தில், முன்பு தங்கிய இடத்தில் கொசுக்கள் மக்களைத் துன்புறுத்தின என்று பலாதுரீ (ரஹ்) அவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

இடம் பார்த்ததோடு முடியவில்லை. தெருக்களுக்கும் அளவு கொடுத்தார்கள். பெருந்தெருக்கள் 40 முழம், அடுத்தவை 30 முழம், அதற்கடுத்தவை 20 முழம், சந்துகள் 7 முழம், அதற்குக் குறையக்கூடாது என்று தபரீ (ரஹ்) அவர்களின் வரலாற்றில் காண்கிறோம். 7 முழம் என்றால் ஏறத்தாழ பத்தடிக்குக் குறையாது. நம் பழைய ஊர்களில் மையித்தைத் தூக்கிக்கொண்டு திரும்ப முடியாத சந்துகளை நாம் பார்த்திருக்கிறோம். அடுத்த வீட்டுச் சுவர் நம் ஜன்னலை அடைத்து நிற்க, காலையில் வெயிலே இறங்காத அறையில் இருமிக்கொண்டிருக்கும் முதியவர்களையும் பார்த்திருக்கிறோம்.

இனி ஷாம் நாட்டுக்கு வருவோம். ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டு (கி.பி. 639) முஸ்லிம்களுக்குச் சோதனை மிகுந்த ஆண்டு. ஹிஜாஸில் பஞ்சம். ஷாமில் தாஊன் என்னும் கொள்ளைநோய். ரம்லாவிலிருந்து பைத்துல் முகத்தஸுக்குச் செல்லும் வழியில், சமவெளி முடிந்து மலை தொடங்குமிடத்தில் அம்வாஸ் என்ற ஊர் இருந்தது. நோய் முதலில் அங்கே கண்டதால் தாஊன் அம்வாஸ் என்ற பெயர் நிலைத்தது. (அந்த ஊர் 1967-ஆம் ஆண்டுப் போரில் இஸ்ரேலியப் படையால் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. பெயர் மட்டும் கிதாபுகளில் வாழ்கிறது.) 25,000 பேர் மாண்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

நோய் பரவத் தொடங்கிய காலத்தில் உமர் (ரலி) அவர்கள் ஷாமுக்குப் புறப்பட்டு, ஹிஜாஸ் எல்லைப்பக்கம் ஸர்ஃக் என்னுமிடம் வரை வந்துவிட்டார்கள். படைத் தலைவர்கள் எதிர்கொண்டு வந்து நோயின் செய்தியைச் சொன்னார்கள். கலீஃபா முஹாஜிர்களைக் கூப்பிட்டு ஆலோசித்தார்கள், கருத்து இரண்டாகப் பிரிந்தது. அன்ஸார்களைக் கூப்பிட்டார்கள், அங்கும் அப்படியே. பிறகு குறைஷிப் பெரியவர்களைக் கேட்டார்கள். மக்களை அழைத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள் என்று அவர்கள் ஒருமுகமாகச் சொன்னார்கள். காலையில் திரும்புவதென்று கலீஃபா அறிவித்தார்கள்.

அப்போது அபூஉபைதா (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் கத்ரைவிட்டு ஓடுவதா என்று வினவினார்கள். சொர்க்கத்துக்கு நன்மாராயம் பெற்ற பதின்மரில் ஒருவர், இச்சமுதாயத்தின் நம்பிக்கைக்குரியவர் என்று நாயகத்தாலேயே பாராட்டப்பட்டவர் கேட்ட கேள்வி. எனவே இக்கேள்வியைக் கேட்பவரை நாம் இலேசாக எண்ணக்கூடாது. உமர் (ரலி) அவர்களும் எண்ணவில்லை. இதை உம்மையன்றி வேறொருவர் கேட்டிருக்கலாகாதா என்று வருந்திவிட்டு, ஆம், அல்லாஹ்வின் ஒரு கத்ரிலிருந்து அவனுடைய இன்னொரு கத்ருக்கே செல்கிறோம் என்றார்கள். இது வரை பலரும் பயான்களில் கேட்டிருப்பீர்கள். அடுத்து அவர்கள் காட்டிய உவமானத்தைச் சிலரே சொல்கிறார்கள். நீர் ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு ஒரு பள்ளத்தாக்கில் இறங்குகிறீர். ஒரு பக்கச் சரிவு பசுமையாக இருக்கிறது, மறுபக்கம் வறண்டு கிடக்கிறது. எதில் மேய்த்தாலும் அது கத்ர் தானே என்பது அதன் சாரம்.

மேய்ப்பவனுக்குத் தெரிந்த அறிவு அது. எந்தச் சரிவில் புல் இருக்கும், எதில் இருக்காது என்பதைப் பார்க்கிற கண்ணால்தான் எந்த நிலத்தில் நோய் தங்கும் என்பதையும் பார்க்க வேண்டும் என்று உமர் (ரலி) அவர்கள் உணர்த்திவிட்டார்கள். பச்சைச் சரிவில் மேய்த்தவனை யாரும் தவக்குல் இல்லாதவன் என்று ஏசியதில்லையே!

அதன் பிறகு, தம் சொந்த வேலையாக வெளியே போயிருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வந்து சேர்ந்தார்கள். ஓரூரில் தாஊன் இருப்பதாகக் கேள்விப்பட்டால் அங்கே போகக்கூடாது, இருக்கும் ஊரில் அது வந்துவிட்டால் அதைவிட்டு வெருண்டோடக்கூடாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லத் தாம் கேட்டிருப்பதாகத் தெரிவித்தார்கள். உமர் (ரலி) அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுத் திரும்பினார்கள்.

அபூஉபைதா (ரலி) அவர்கள் தம் படையிடமே போய்விட்டார்கள். அவர்களை எப்படியேனும் மீட்டுவிட வேண்டுமென்று கலீஃபாவுக்கு ஆசை. உம்மிடம் ஒரு முக்கிய வேலை இருக்கிறது, உடனே வாரும் என்று எழுதினார்கள். வேலை என்னவென்று அவர் புரிந்துகொண்டார். தம் கீழுள்ள மக்களை விட்டுத் தாம் மட்டும் வர மனமில்லை என்று பணிவோடு மறுமொழி எழுதினார். அதைப் படித்து உமர் (ரலி) அவர்கள் அழுதார்கள். அழுகையைப் பார்த்துப் பக்கத்திலிருந்தோர், அபூஉபைதா வஃபாத்தாகிவிட்டார்களா என்று கேட்டுவிட்டார்கள்.

பிறகு வந்ததே மற்றொரு கடிதம். நம் கட்டுரைக்கு உயிர் அதுதான். நீர் மக்களை ஈரம் கட்டிய தாழ்நிலத்தில் இறக்கி வைத்திருக்கிறீர், அவர்களை உயர்ந்த, நல்ல காற்றுள்ள நிலத்துக்குக் கொண்டு செல்லும் என்று அதில் கண்டிருந்தது. ஓர் அறிவிப்பில் உர்துன் ஈரப் பூமி, ஜாபியா நல்ல பூமி என்று பெயர் குறித்தே வருகிறது. உர்துன் என்பது ஜோர்தான் ஆற்றுப் பக்கம். அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கு கடல் மட்டத்தைவிடத் தாழ்ந்தது. கோடையில் காற்று அசையாமல் வெக்கை கட்டும். ஜாபியா திமிஷ்குக்குத் தெற்கே ஜவ்லான் மேட்டுப்புறத்தில் இருக்கிறது. கஸ்ஸானிய அரசர்கள் முன்னரே கூடாரமடித்துத் தங்கிய புல்வெளி.

அக்கடிதத்தில் தாழ்நிலத்துக்கு ‘ஃகமிகா’ என்ற சொல் வருகிறது. தண்ணீர் மிக அருகில் கசிந்து, ஈரம் வடியாமல், கனத்துக் கிடக்கும் தரைக்கு அரபிகள் வழங்கும் சொல் அது. மற்றதற்கு ‘நுஸ்ஹா’ என்ற சொல். நீர்த்தேக்கத்திலிருந்தும் ஈரத்திலிருந்தும் விலகிய இடம் என்பது அதன் பொருள். இக்காலத்தில் உல்லாசப் பயணத்துக்கு அச்சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். மதீனாவில் அமர்ந்துகொண்டு, ஷாமின் எந்தப் பகுதி மேடு, எது பள்ளம் என்று அறிந்து கட்டளையிட்ட கலீஃபாவை எண்ணிப் பாருங்கள்.

இடம் பார்க்கும் பொறுப்பு அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. அவர்களுடைய மனைவியாருக்கே நோய் கண்டுவிட்டது. தாமே புறப்பட எண்ணி அபூஉபைதா (ரலி) அவர்கள் ஒட்டகத்தின் வளையத்தில் கால் வைத்த நேரத்தில் அவர்களையும் அது தீண்டிற்று. மக்களை ஜாபியாவில் சேர்த்த பின் வஃபாத்தானதாகவும், அதற்கு முன்பே வஃபாத்தானதாகவும் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. அவர்களுக்குப் பின் பொறுப்பேற்ற முஆது இப்னு ஜபல் (ரலி) அவர்களும் அதே நோயில் போய்ச் சேர்ந்தார்கள். யஸீது இப்னு அபீஸுஃப்யான் (ரலி), ஷுரஹ்பீல் இப்னு ஹஸனா (ரலி) ஆகியோரும் அப்படியே. அடுத்துப் பொறுப்புக்கு வந்த அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள், இந்நோய் தீப்போல் பற்றுகிறது, மலைகளில் ஏறிப் பிரிந்துவிடுங்கள் என்று மக்களுக்குச் சொன்னார்கள். அதை எதிர்த்துக் கடுமையாகப் பேசிய ஸஹாபியும் உண்டு. அம்ரு (ரலி) அவர்கள் பதிலுக்குக் கடுஞ்சொல் சொல்லவில்லை. தாம் சொன்னபடி மக்களைக் கலைத்தார்கள். நோய் நீங்கிற்று. செய்தி எட்டியபோது உமர் (ரலி) அவர்கள் அதை வெறுக்கவில்லை.

வெருண்டோடக்கூடாது என்ற ஹதீஸுக்கு இது முரண் அல்லவா என்று சில வாலிபர்கள் நம்மிடம் கேட்டதுண்டு. தனியொருவன் தன் உயிரை மட்டும் எண்ணி, படுத்தவர்களைக் கைவிட்டு அடுத்த ஊருக்கு ஓடுவது ஒன்று. தலைவரின் உத்தரவின்படி, நோயாளிகளையும் சேர்த்து ஒரு கூட்டமே தன் முகாமை மேட்டுக்கு மாற்றிக்கொள்வது மற்றொன்று. இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் தவக்குல் பாடத்தில் இதைத் தொட்டிருக்கிறார்கள். சுகமாயிருப்பவர்கள் எல்லாரும் வெளியேறிவிட்டால் படுக்கையிலிருப்பவனுக்குத் தண்ணீர் கொடுக்கவும் ஆளிராது என்பது அவர்கள் காட்டும் காரணம்.

அன்று அந்தப் பள்ளத்தில் நடந்தது என்ன என்பது பல நூற்றாண்டுக்குப் பிறகே விளங்கிற்று. 1894-இல் ஹாங்காங்கில் யெர்சின் என்ற மருத்துவர் பிளேக் நோயின் கிருமியைக் கண்டார். 1898-இல் சீமோன் என்பவர், எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சி அதை மனிதனிடம் கொண்டுவருவதை நம் துணைக்கண்டத்தில் ஆராய்ந்து சொன்னார். தெள்ளுக்கு மிதமான சூடும் ஈரமும் வேண்டும். எலிக்குத் தானியமும் மறைவிடமும் வேண்டும். மக்கள் நெருங்கி வாழும், தானியம் குவிந்த, ஈரமான இடத்தில் மூன்றும் கூடிவிடுகின்றன. மிஸ்ரில் தாஊன் வசந்தத்தில் ஏறி, கடுங்கோடை வந்ததும் அடங்கிவிடுவதை முன்னோர்கள் கண்டிருக்கிறார்கள். ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டின் கொள்ளைநோயைப் பற்றி எழுதிய கர்னாத்தா அறிஞர் இப்னுல் கத்தீப், ஆப்பிரிக்காவின் கூடாரவாசிகளான அரபிகள் நலமாயிருந்ததையும் குறிப்பிடுகிறார். நகரத்துச் சந்தில் விழுந்த நோய் பாலையில் பரந்து கிடந்த கூடாரத்தில் விழவில்லை.

தொற்று இல்லை என்று ஹதீஸில் வருகிறதே என்பார்கள். நோய் தன் சொந்த வல்லமையால் தாவுகிறது என்ற ஜாஹிலிய்யாக் கால நம்பிக்கையை அது அறுக்கிறது என்று உலமாக்கள் விளக்கம் தந்துள்ளார்கள். நோய் கண்ட ஒட்டகத்தை, நல்ல ஒட்டகங்கள் நீர் அருந்தும் துறைக்குக் கொண்டுவரக் கூடாதென்று தடுத்ததும் அதே நாயகம் (ஸல்) அவர்கள்தாம்.

கூட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். புகாரிக்கு விரிவுரை எழுதிய இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) அவர்கள் தம் பெண்மக்கள் மூவரைத் தாஊனுக்குப் பறிகொடுத்தவர்கள். அந்நோயைப் பற்றித் தனிக் கிதாபே எழுதினார்கள். ஹிஜ்ரி 833-இல் (கி.பி. 1430) காஹிராவில் நாளொன்றுக்கு 40-க்கும் குறைவானவர்களே இறந்துகொண்டிருந்த சமயத்தில், மக்கள் மூன்று நாள் நோன்பு வைத்து, மழைத் தொழுகைக்குச் செல்வதுபோல் திரளாகப் பாலைவெளிக்குச் சென்று துஆக் கேட்டார்கள். மாதம் முடிவதற்குள் சாவு நாளொன்றுக்கு 1,000-ஐத் தாண்டிற்று என்று அதில் பதிந்திருக்கிறார்கள். துஆவை அவர்கள் குறை கூறவில்லை. அப்படித் திரளும் முறைக்கு ஆதாரமில்லை என்றார்கள். 1865-ஆம் ஆண்டு ஹஜ்ஜில் காலரா பரவி 15,000 ஹாஜிகள் வரை மாண்டதாகக் கணக்கிட்டார்கள். மினா என்பது சில நாள்களுக்கே வாழும் நகரம், அந்நாளில் அங்கே வடிகாலும் நல்ல தண்ணீரும் போதாமலிருந்தன. 1882 முதல் செங்கடலின் கமரான் தீவில் ஹாஜிகளின் கப்பல்களைத் தடுத்து நிறுத்தி வைத்தார்கள். இந்தியாவிலிருந்து சென்ற ஹாஜிகள் பல தலைமுறைகளுக்கு அந்தத் தீவின் சோதனையைத் தாண்டியே கஅபாவைக் கண்டார்கள். 2020-இல் நம் பள்ளிவாசல்கள் பூட்டப்பட்டபோது இது உலகில் நடவாத புதுமை என்று சிலர் கொதித்தார்கள். மழையும் சேறுமான ஒரு ஜுமுஆ நாளில் வீடுகளிலேயே தொழுதுகொள்ளும்படி பாங்கில் சொல்லச் சொன்னவர்கள் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள்.

மத்ரஸாவில் சேர்ந்த பிள்ளை ஓதும் முதல் ஃபிக்ஹுப் பாடமே தண்ணீர். அபூஷுஜாஃ கிதாபைத் திறந்தால் வானத்துத் தண்ணீர், கடல், ஆறு, கிணறு, ஊற்று, பனி, ஆலங்கட்டி என்று ஏழும் வந்து நிற்கின்றன. தேங்கிய தண்ணீரில் சிறுநீர் கழிக்காதே என்பதும், நீர்த்துறை, நடைபாதை, நிழல் ஆகிய மூன்று இடங்களிலும் மலங்கழிப்பது சாபத்துக்குரியது என்பதும் தொடர்ந்து வருகின்றன. மூன்றும் பலர் கூடும் இடங்கள். இவற்றை ஒளுவுக்கும் குளிப்புக்குமான மஸ்அலாவாக மனனம் செய்துவிட்டு, ஊருக்கான சட்டமாகப் பார்க்க நாம் மறந்துவிடுகிறோம்.

நம் வீடுகளுக்கு வருவோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் தமிழகக் கடலோர ஊர்களில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். ரோட்டின் மேல் ரோடு போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது, பழைய வீடுகளின் வாசல் பள்ளமாகிவிட்டது. பெண்கள் போய்வரும் முடுக்குகளில் தண்ணீர் வடிய வழியில்லை. டெங்கு கொசு சாக்கடையைவிட நல்ல தண்ணீரையே நாடும் என்பதைத் தாய்மார்கள் மனத்தில் வைக்க வேண்டும். சிமெண்டுத் தொட்டி, மூடாத டிரம், சிரட்டை, குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டு எல்லாம் அதற்குப் போதும். பகலில் கடிக்கும். முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாவதற்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும். வியாழன்தோறும் ஜுமுஆவுக்குத் துணி துவைக்கும் வேலையோடு தொட்டியையும் தேய்த்துவிட்டால் கணக்குச் சரியாகிவிடும்.

நாம் இமாமத் செய்த ஒரு கடலோர ஊரில் பள்ளிவாசலின் வக்ஃபு மனை ஒன்றைப் பழைய டயர்கள் அடுக்கி வைக்க வாடகைக்கு விட்டிருந்தார்கள். மதில் ஓரம் தாழ்ந்த மனை. மழைக்காலத்தில் ஒவ்வொரு டயரும் ஒரு கிண்ணம். அதை ஒட்டிய தெருவில் ஒரே பருவத்தில் பல வீடுகளில் டெங்கு. ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று மவுத்தாகிவிட்டது. மையித்து வீட்டில் ஒரு பெரியவர், அஜல் முடிந்தது, டயரையும் மழையையும் பேசி என்ன என்றார். அங்கே அந்நேரம் அதற்கு மேல் பேச இடமில்லை.

சில மாதம் கழித்து அந்தக் குழந்தையின் தாய் நம் வீட்டார் மூலம் ஒரு மஸ்அலா கேட்டனுப்பினார். அந்த டயர்கள் அங்கே இல்லாதிருந்தால் என் பிள்ளை இருந்திருக்குமோ என்று மனம் சொல்கிறதே, இது ஈமானுக்குக் குறைவா, ஹஜ்ரத்து கோபிப்பார்களா என்று. நாம் இரண்டு நாள் கிதாபுகளைப் புரட்டிவிட்டுப் பதில் சொல்லி அனுப்பினோம். அப்படிச் செய்திருந்தால் இப்படி ஆகியிருக்குமே என்று சென்றதை எண்ணி எண்ணி உருகுவதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள், அது ஷைத்தானுக்கு வாசலைத் திறக்கும் என்பதற்காக. உங்கள் குழந்தையின் நேரத்தை அல்லாஹ் எழுதினான், அதில் ஐயமில்லை. நோய் எங்கிருந்து வந்ததென்று அறிவதும், அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அது வராமல் அந்த இடத்தைச் சரிசெய்யச் சொல்வதும் அந்தத் தடையில் சேராது. அபூஉபைதாவை எண்ணி அழுத கலீஃபாதாம், அழுகையோடு மக்களை மேட்டுக்கு ஏற்றச் சொல்லியும் எழுதினார்கள். உங்கள் மனம் சொல்வதை ஜமாஅத்தாரிடம் சொல்லுங்கள், அது உங்களுக்கு ஹக்கு என்றோம்.

அவர் சொன்னார். அவருடைய வாப்பா கையெழுத்திட்ட மனு ஜமாஅத்துக் கூட்டத்துக்கு வந்தது. அந்த வாடகையில்தான் மோதினாரின் சம்பளமும் மின்கட்டணமும் நடக்கிறது என்று முத்தவல்லி சொன்னார். அது பொய்யல்ல. பிறருக்குத் தீங்கு செய்வதற்கில்லை என்ற ஹதீஸ் வக்ஃபு மனைக்கும் பொருந்தும் என்பதை நாம் எடுத்துரைத்தோம். ஒருவர் நம் வயதைச் சுட்டிக்காட்டினார். இரண்டு கூட்டம் சத்தத்திலேயே போயிற்று. மூன்றாவதில், ஒப்பந்தம் முடியும் வரை டயர்களின் மேல் தகரக் கூரை போடுவதென்றும், முடிந்தபின் ஊருக்கு வெளியே மேட்டு மனையொன்றுக்கு மாற்றுவதென்றும் தீர்மானித்தார்கள். கூரை போட்டார்கள். அடுத்த ஷவ்வாலில் டயர்களும் போய்விட்டன. வாடகை குறைந்ததால் மோதினாரின் சம்பளத்துக்கு அத்தெருவின் வீடுகள் மாதந்தோறும் சந்தா எழுதிக்கொண்டன. சந்தாப் புத்தகத்தில் முதல் பெயர் அந்தத் தாயுடையது.